மூன்றாவது விளக்கு

ஸ்வர்ணலதா ஆன்ட்டி இறந்து அறுபத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ரவுட்டரில் அவருடைய விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ராஜா அண்ணாமலைபுரத்து அந்த வீட்டில் மாடியில் அனுப்ரியா குடும்பம், கீழே ஆன்ட்டி தனியாக. இரண்டு வீட்டுக்கும் ஒரே நெட்; ரவுட்டர் மாடியில், அனுப்ரியாவின் அறையில். முதல் விளக்கு அனுப்ரியாவின் கம்ப்யூட்டர், இரண்டாவது அப்பாவுடையது, மூன்றாவது ஜன்னல் வழியாகக் கீழே இறங்கும் நீல ஒயர். கீழ் வீட்டில் செல்போன் சிக்னல் எடுக்காது. பெருங்குடியில் இருக்கும் மகன் சேரனை ஆன்ட்டி கம்ப்யூட்டரில்தான் கூப்பிடுவார். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது விளக்கு நிதானமாகச் சிமிட்டும். அவன் எடுத்துவிட்டால் படபடக்கும்.

மூச்சுத்திணறல் வந்த ராத்திரி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே அவர் போயிருந்தார். அம்மா ஏன் தன்னைக் கூப்பிடவில்லை, நெட் இல்லையா என்று சேரன் கேட்டான். இருந்தது, விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது என்றாள் அனுப்ரியா. சொல்லிவிட்டு மாடியேறி வந்தாள். விளக்கு எரிந்தது.

இன்று காலை அந்தக் கம்ப்யூட்டரைக் காரில் ஏற்றி அனுப்பிய பிறகும் எரிந்தது.

மூன்று மணி வெயிலில், கீழ் வீட்டைக் கழுவிவிடும் தண்ணீர்ச் சத்தத்தோடு, ஆன்ட்டி நெஞ்சில் தடவிக்கொள்ளும் யூகலிப்டஸ் தைல வாசனை ஜன்னலேறி வந்து, அனுப்ரியா ரவுட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அறையில் மெல்லப் பரவியது. எதிர்ச்சுவரில் விளக்கின் பச்சை வெளிச்சம். நிதானமாக. மணி அடிக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

"அனு, மேல ஒயரைக் கழட்டிவிடும்மா. நான் இங்கேர்ந்து இழுத்துக்கறேன்." கீழே சேரன்.

அவள் எழுந்திருக்கவில்லை. ரவுட்டரின் பின்பக்கத்தை மூன்று நாளாக அவள் பார்க்கவில்லை.

ஒயர் நகர்ந்தது. மேஜைக்கு அடியிலிருந்து தரையில் சரசரத்தது. சுவரேறியது. அதன் முனை ஜன்னல் கம்பியில் டிக்கென்று தட்டியது. வெளியே விழுந்தது.

விளக்கு சிமிட்டியது.

படியில் செருப்புச் சத்தம். வாசலில் சேரன், கையில் சுருட்டிய ஒயர்.

"இழுத்த உடனே வந்துடுச்சு. முன்னாடியே கழட்டிட்டியா? எப்போ?"

சுவரில் பச்சை வெளிச்சம் படபடக்கத் தொடங்கியது.

"அன்னிக்குச் சாயந்திரம்ண்ணா. என் ஆன்லைன் இன்டர்வியூ விட்டு விட்டு வந்துச்சு. இருபது நிமிஷம்னுதான் கழட்டினேன். வேலை கிடைச்ச சந்தோஷத்துல திரும்பச் சொருகல."