இரண்டரை மணி நேரம் பின்னால்

அர்ச்சுனனின் டிவியில் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடியது. சவுதியில் அவன் தங்கியிருந்த அறையிலிருந்து கம்பெனி கட்டி அனுப்பிய பெட்டியில், அவன் சட்டைகளோடு அதுவும் வந்திருந்தது. உடல் வரவில்லை. அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

புதூர்நாடு கடைவீதியிலிருந்து வந்த மெக்கானிக் வடிவேலு, அதன் சதுர முள் பிளக்குக்கு அடாப்டர் மாட்டினான்.

"கரன்ட்டு ஒத்துக்கும்க்கா. சேனல்தான் வராது. அந்த ஊரு டிவி நம்மூர்ல தானா எதையும் புடிக்காது. பாக்ஸ் வாங்கணும்."

"மணி தப்பா காட்டுதே."

"அது அந்த ஊரு மணி. மெனு பூரா அரபி. குத்துமதிப்பா அமுக்குனா நம்மளையே திட்டும்." சிரித்தவன், சுவரில் மாலையோடு இருந்த அர்ச்சுனனின் படத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

வடிவேலு போனதும் ஈஸ்வரி டிவியை அணைக்கப் போனாள். மாமியார் விடவில்லை.

"எம்புள்ள பாத்த பெட்டி. ஓடட்டும்," என்றாள் மாதம்மாள். ஈஸ்வரி கையை இழுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அவளுக்கு மிஞ்சியிருந்தது மாமியார் மட்டும்தான்.

வெறும் நீலத் திரை. மூலையில் கடிகாரம். சத்தமில்லை.

மூன்றாம் நாள் நண்பகலில், வாசலில் காய்ந்துகொண்டிருந்த புளியின் வாடையும் பலாச்சக்கையை மொய்க்கும் ஈக்களின் ரீங்காரமும் மாதம்மாள் சாமை புடைக்கும் முறத்தின் சீரான ஓசையும் உள்ளே வந்துகொண்டிருந்தபோது, அவற்றுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பதை ஈஸ்வரி கவனித்தாள். ஒரு இழுப்பு. ஒரு சொடுக்கு. பிறகு நீளமாக வெளிவிடும் காற்று. திரைக்குள்ளிருந்து வந்தது. மனித மூச்சுக்கு அது மிகவும் ஒழுங்காக இருந்தது.

அந்தச் சத்தத்தை அவள் ஒரே ஒரு முறை கேட்டிருந்தாள். போனில்.

டிவியின் கடிகாரம் 9.40 காட்டியதும் சத்தம் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து.

மறுநாளும் அப்படியே. இம்முறை முறத்தை வைத்துவிட்டு மாதம்மாள் உள்ளே வந்து நின்றிருந்தாள்.

"விடியக்காலமே தூக்கத்துல போய்ட்டான்னு சொன்னியே."

"ஆமா அத்த."

"அப்ப இது யாரு?"

ஈஸ்வரி அடுப்படிக்குப் போனாள். எரியாத அடுப்பை ஊதினாள்.

ஐந்தாம் நாள் பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போனது. மின்விசிறி சுழன்று ஓய்ந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ அடங்கியது.

திரை அணையவில்லை.

இழுப்பு. சொடுக்கு. காற்று.

9.37.

ஈஸ்வரி ஓடிப்போய் அடாப்டரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். மூன்று சதுர முட்களும் உள்ளங்கையில் சூடாக இருந்தன. மருந்து வாடை அடித்தது. மூச்சு ஓடியது.

9.39.

திரையின் உட்புறம் பனித்தது. மறைந்தது. பனித்தது. மூச்சுக்கு ஒருமுறை. ஒரு வாய் அகலத்துக்கு.

அவள் காத்திருந்தாள். ஒரு நிமிடம்தான். பிறகு நின்றுவிடும்.

சுவரில் பன்னிரண்டு பத்து. பன்னிரண்டு பதினைந்து. பன்னிரண்டு இருபது.

டிவியில் 9.39.

மாதம்மாள் கிட்டே போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை. உள்ளேயிருந்து, அதே இடத்தில், ஐந்து விரல்கள் வெளுத்துப் பதிந்தன.

"சூடா இருக்குதுடி," என்றாள். குரலில் அழுகை இல்லை. "பிளக்க கையில வெச்சிக்கினு நிக்கிற. இன்னும் இன்னாத்துக்கு இழுக்குது?"

இழுப்பு. சொடுக்கு.

ஈஸ்வரியின் வாய் திறந்தது.

"அன்னிக்கு பன்னண்டு மணிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்தப்ப அவருக்கு மூச்சு இருந்திச்சி அத்த. மெஷின எடுத்துடலாமான்னு கேட்டாங்க. நீங்க வாசல்ல சாமை பொடச்சிக்கினு இருந்தீங்க. ஒங்கள கூப்புடல. நான்தான் சரின்னேன்."