உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

வண்டி ஆடியது.

மார்லிஸ் மேசையருகே உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். எதிரே அவள் கணவன் வெர்ன், சாலை வரைபடத்தை விரித்து அடுத்த ஊரைத் தேடிக்கொண்டிருந்தான். இருவரில் ஒருவரும் இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனாலும் படியில் யாரோ கால் வைத்து ஏறியதுபோல் கதவுப் பக்கம் ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது, பிறகு அந்த அசைவு குறுகிய நடைவழியில் மெல்ல மெல்ல நகர்ந்து, குளியலறைக் கதவைத் தாண்டி, பின்னால் இருந்த படுக்கையறை வரை போய் அங்கே அடங்கியது. கேம்பர் வண்டியையே வீடாக்கிக்கொண்டவர்களுக்கு இந்த ஆட்டம் அத்துப்படி. உள்ளே இருப்பவர் நடக்கிறாரா, நின்றுவிட்டாரா, புரண்டு படுக்கிறாரா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

"யாரோ ஏறினாங்க," என்றாள்.

"காத்து," என்றான் வெர்ன், தலையை நிமிர்த்தாமல்.

ஜன்னலுக்கு வெளியே, நிழலுக்காக இழுத்துக் கட்டியிருந்த துணிக்கூரையின் ஓரம் அசையாமல் தொங்கியது. அரிசோனாப் பாலைவனத்தின் ஜனவரி வெயில் கள்ளிகளின் மேல் வழிந்துகொண்டிருந்தது. ஒரு பொட்டுக் காற்று இல்லை. மார்லிஸ் கத்தியை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் மட்டும் லேசாகக் குழிந்திருந்தது. கையை வைத்தாள். சூடாக இருந்தது. வெயில் அந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்து மீதிக் கிழங்கையும் சீவினாள்.

ஐயோவாவில் இருந்த வீட்டை விற்று இந்த வண்டியில் ஏறியது வெர்னின் ஆசை. சாயங்காலமானால் பக்கத்து வண்டிக்காரர்கள் மடக்கு நாற்காலிகளோடு நெருப்பைச் சுற்றிக் கூடுவார்கள், அவனும் தன் கச்சேரியைத் தொடங்கிவிடுவான். புல் வெட்ட வேண்டாம், பனி அள்ள வேண்டாம், வீட்டு வரி கிடையாது, பக்கத்து வீட்டுக்காரனைப் பிடிக்காவிட்டால் சாவியைத் திருப்பினால் போதும், ஜன்னல் அதேதான், வெளியே மலை மட்டும் வாரத்துக்கு ஒன்று. எல்லாரும் தலையாட்டுவார்கள். மார்லிஸும் ஆட்டுவாள். ஒருவர் கழிப்பறைக்குப் போனால் மற்றவர் காது கொடுத்தே ஆக வேண்டிய வாழ்க்கை, கோபம் வந்தால் அறைந்து சாத்தக்கூட ஒரு நல்ல கதவு இல்லாத வாழ்க்கை, உடம்பு சரியில்லை என்றால் ஒவ்வொரு ஊரிலும் புது டாக்டரிடம் முதலிலிருந்து கதை சொல்லும் வாழ்க்கை என்று அவளிடமும் ஒரு கச்சேரி இருந்தது. அதை அவள் யாருக்கும் பாடிக் காட்டியதில்லை. காரணம், வெர்ன் வாக்குக் கொடுத்திருந்தான். மகள் பிரிட்டாவுக்குப் பிப்ரவரி கடைசியில் குழந்தை பிறக்கும்போது அவர்கள் ஐயோவாவில் இருப்பார்கள், அங்கேயே அவள் தெருவில் சின்னதாக ஒரு வீடு பார்த்து நின்றுவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே கழிவுநீர்த் தொட்டி நிறைந்துவிட்டது. தண்ணீர் இணைப்பும் கரண்டும் இல்லாத பாலைவனத்தில் தண்ணீரை எண்ணி எண்ணித்தான் செலவழிப்பார்கள். உடம்பை நனைத்துவிட்டுக் குழாயை மூடி, சோப்புப் போட்டுவிட்டுத் திறந்து, ஒரு நிமிஷத்தில் குளியலை முடிப்பாள் மார்லிஸ்.

"ரெண்டு பேரு இவ்வளவு தண்ணி செலவழிக்க முடியாது வெர்ன்."

"அப்ப ரெண்டு பேரு இல்லன்னு வெச்சுக்கயேன்," என்று சிரித்தான் அவன். கேலி செய்யும்போது அவன் எப்போதும் அவள் முகத்தைப் பார்ப்பான். அன்றைக்குப் பார்க்கவில்லை.

பழைய வேன் ஒன்றில் நாயோடு தனியாக வாழும் ஃபே, மறுநாள் அவளைப் பிடித்துக்கொண்டாள். பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், குரலும் அதற்கேற்ற குரல்.

"என்ன மார்லிஸ், திடீர்னு கொம்பு முளைச்சிருக்கா உங்களுக்கு? நேத்து மத்தியானம் முன் சீட்டுல உக்காந்திருந்தீங்க. கையைக் கையைக் காட்டுறேன், முழிச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கீங்க. ஒரு சிரிப்பு கூடவா வராது?"

"நேத்து மத்தியானம் நான் பக்கத்து வண்டிக்காரங்களோட டவுனுக்குத் துணி துவைக்கப் போயிருந்தேனே ஃபே."

"அட போங்க. என் நாய் கூட உங்களைப் பார்த்துக் குரைச்சுது," என்றாள் ஃபே. சொல்லிவிட்டு அவளே காலடியில் கிடந்த நாயைக் குனிந்து பார்த்தாள். அவளுடைய நாய் மார்லிஸைப் பார்த்துக் குரைத்ததே கிடையாது.

அதற்குப் பிறகு மார்லிஸ் கவனிக்கத் தொடங்கினாள். குளியலறை வடிகாலின் வாயில் சுருண்டு கிடந்த நரைமுடி, அவள் முடியின் நீளம்தான், ஆனால் அவள் தலைக்குக் குளித்து நாளாகியிருந்தது. தலையணையில் அவள் பூசும் லாவண்டர் களிம்பின் வாசனை, அதற்கு அடியில் நெடுநாள் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வரும் வாசனை. வெர்ன் வெளியே இருக்கும்போது, அவள் அடுப்பின் முன் அசையாமல் நிற்கும்போது, பின்னறையில் யாரோ கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து உட்காரும் அந்த மெல்லிய ஆட்டம். அவள் திரும்பினால் நின்றுவிடும். கரண்டியைக் கையில் எடுத்தால் மறுபடி தொடங்கும்.

பிறகு அவளுடைய குளிர்க்கோட்டைக் காணவில்லை. ஐயோவாவின் பனிக்கு வாங்கிய கனத்த நீலக் கோட்டு. அலமாரி முழுவதையும் கவிழ்த்துத் தேடினாள்.

"அதைப் பொதுமேசையில வெச்சுட்டேன் கண்ணு," என்றான் வெர்ன். வேண்டாததைக் கொண்டுபோய் வைத்தால் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளும் மேசை அது, முகாமின் வாசலில் இருந்தது. "எடை ஏறிப்போச்சு. போன வாரம் வண்டியத் தராசுல ஏத்திப் பார்த்தேன்ல."

கேம்பர்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, அதை யாரும் மீறமாட்டார்கள். வண்டி தாங்குவது இவ்வளவுதான் என்று அளவு இருக்கிறது. அதற்கு மேல் போனால் டயர் வெடிக்கும், இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. அதனால் ஒரு பொருள் உள்ளே வந்தால் ஒரு பொருள் வெளியே போயாக வேண்டும். புதுச் சட்டி வாங்கினால் பழைய சட்டியைக் கொடுத்துவிட வேண்டும். கண்ணீரோடு புத்தகங்களையும் கல்யாணப் பாத்திரங்களையும் கொடுத்தவர்கள் அந்த முகாமில் எத்தனையோ பேர்.

"நாம எதுவுமே வாங்கலையே வெர்ன். என்ன உள்ள வந்துச்சு?"

அவன் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். ஐயோவாவுக்குப் போகிறவன் கோட்டைக் கொடுக்கமாட்டான்.

போனில் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப்போய் மகளைக் கூப்பிட்டாள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"திரும்பவும் எதுக்கும்மா? காலைல பேசினதே எனக்குப் போதும்," என்றாள் பிரிட்டா. அழுத குரல்.

"காலைலயா? நான் எங்கடி பேசினேன்?"

"நீதானே சொன்ன? வீடும் வேண்டாம், ஊரும் வேண்டாம், பாப்பாவைப் போன்ல பார்த்துக்கறேன்னு. இந்த வாழ்க்கையே நிம்மதியா இருக்கு, வரச்சொல்லித் தொந்தரவு பண்ணாதன்னு. அப்பா கூடப் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தாரு."

"பிரிட்டா, அது நானில்லடி."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? குடிச்சிருக்கியாம்மா?"

தொடர்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, மகள் எடுக்கவில்லை.

இருட்டுவதற்கு முன் கீழே இறங்கி வந்தாள். வண்டிக்குள் விளக்கு எரிந்தது. வறுத்த வெங்காயத்தின் வாசனை வந்தது. வெர்னின் குரல் கேட்டது, அதே கச்சேரி, புல் வெட்ட வேண்டாம், பனி அள்ள வேண்டாம். ஆனால் நெருப்பைச் சுற்றிப் பேசும் குரல் இல்லை அது. புதிதாகக் கல்யாணமான காலத்தில் அவளிடம் பேசிய குரல்.

"ஆமா வெர்ன்," என்றது ஒரு பெண் குரல். "வீடு எதுக்கு நமக்கு? நான் எங்கேயும் போகமாட்டேன்."

மார்லிஸின் குரல். மூச்சு வாங்கும் இடம்கூட அவளுடையது. அவள் ஒருநாளும் சொல்லாத வார்த்தைகள்.

கதவைத் திறந்தாள். வெர்ன் மட்டும் மேசையில் இருந்தான். இரண்டு தட்டு. இரண்டிலும் சாப்பிட்ட மிச்சம். எதிர் இருக்கையின் மெத்தை மெல்ல, மிக மெல்ல, மேலெழுந்து சமமாகிக்கொண்டிருந்தது.

"யாரு அவ?"

வெர்ன் வாயைத் துடைத்துக்கொண்டான். மறைக்கவேண்டும் என்று அவன் முகத்தில் எழுதியிருக்கவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"நீதான்," என்றான். "முணுமுணுக்காத நீ. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத நீ. இந்தப் பாலைவனத்துக்கு வந்த அன்னைக்கு ராத்திரி தானா ஏறி வந்தா. முதல்ல எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் பழகிப்போச்சு."

"எனக்குத் தெரியாமயே? இவ்வளவு நாளா? பிரிட்டா கிட்ட அவளப் பேச விட்டியா?"

"அவ சண்டை போடறதில்ல மார்லிஸ்," என்றான், விளக்கம் சொல்வதுபோல், அன்பாகவே.

அவன் அறைந்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. நாற்பது வருஷம் அவனோடு படுத்து எழுந்தவள். அவன் ஆசைக்காகத் தன் தோட்டத்தை, அடுக்களையை, தேவாலயத்து சிநேகிதிகளை விட்டு வந்தவள். பேய்க்கு அவள் பயந்தாள், உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அவள் நெஞ்சை அடைத்தது பேய் இல்லை.

"நாளைக்குக் காலைல என்னை டவுன்ல பஸ் ஏத்தி விட்டுடு. நான் பிரிட்டா கிட்டப் போறேன்."

"சரி," என்றான் வெர்ன். உடனே சொன்னான். ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த இரவை அவள் முன் சீட்டில் உட்கார்ந்தே கழித்தாள். பின்னறையில் வெர்ன் தூங்கினான். அவனுடைய குறட்டை அவளுக்குத் தெரியும். அதன் இடைவெளிகளில் இன்னொரு மூச்சு வந்து போனது.

விடிந்ததும் வெர்ன் துணிக்கூரையைச் சுருட்டினான், சக்கரக் கட்டைகளை எடுத்தான், என்ஜினைப் போட்டான். மார்லிஸின் பையும் போனும் சீட்டின் மேல் இருந்தன.

"விளக்கைப் பார்த்துடறியா?" என்றான்.

கிளம்புமுன் ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று பிரேக் விளக்கும் திருப்பு விளக்கும் எரிகிறதா என்று பார்த்துக் கட்டை விரலைக் காட்ட வேண்டும். வருஷக்கணக்காக அது அவள் வேலை. எவ்வளவு பெரிய சண்டையானாலும் அதை யாரும் விடுவதில்லை, விட்டால் நெடுஞ்சாலையில் பின்னால் வருபவன் வந்து மோதுவான். அவள் யோசிக்கவே இல்லை. கால்கள் தாமாக இறங்கின.

பின்னால் போய் நின்றாள். இடது விளக்கு. வலது விளக்கு. பிரேக். எல்லாம் எரிந்தன. கட்டை விரலை உயர்த்தினாள்.

வண்டி நகர்ந்தது.

"வெர்ன்!"

ஓடினாள். புழுதி. மேலும் ஓடினாள். பின்ஜன்னலின் திரை விலகியது. அவள் முகம். அவளுடைய நரை, அவளுடைய மூக்குக்கண்ணாடி. அந்த முகத்தில் வெறுப்பு இல்லை, வெற்றியும் இல்லை. வழியில் நிற்கும் அறிமுகமில்லாதவருக்குக் காட்டுவதுபோல் மரியாதையாகக் கையை அசைத்தது.

"போயிட்டு வாங்க மார்லிஸ்!" என்று தன் வேன் வாசலிலிருந்து ஃபே கத்தினாள், போகும் வண்டியைப் பார்த்து.

"ஃபே, நான் இங்க இருக்கேன்! ஃபே!"

ஃபே காப்பியை உறிஞ்சிவிட்டு உள்ளே போனாள். நாய் மட்டும் மார்லிஸ் நின்ற பக்கம் பார்த்து, வாலை இடுக்கிக்கொண்டு வேனுக்கடியில் புகுந்தது.

மார்லிஸ் கீழே பார்த்தாள். புழுதியில் டயர் தடம் இருந்தது. அவள் ஓடி வந்த தடம் இல்லை.

வண்டி நின்ற காலி இடத்துக்கே திரும்பி வந்து எவ்வளவு நேரம் நின்றாளோ. அந்த முகாமில் நல்ல இடம் ஒன்று காலியானால் அதிக நேரம் சும்மா கிடக்காது. பாதையில் புதிதாக ஒரு கேம்பர் வந்தது, பெரியது, வெள்ளை. அதிலிருந்து இறங்கிய பெண் பின்னால் வந்து, இரண்டு கைகளையும் உயர்த்தி, கணவனுக்கு வழி காட்டத் தொடங்கினாள். வண்டி பின்னோக்கி வந்தது. மார்லிஸ் நகரப் பார்த்தாள். கால் வரவில்லை. கத்தினாள். கத்திக்கொண்டே இருந்தாள். பின்விளக்குகளின் சிவப்பு அவள் முகத்துக்கு அருகில் வந்தது.

அந்தப் பெண் நேராக அவள் கண்களைப் பார்த்தாள்.

"வா, வா," என்றாள் கணவனிடம். "இன்னும் வா. பின்னாடி யாரும் இல்ல."