தென்னேரித் தவளைகள்

தொட்டியில் இருந்த திரவம் நிறம் மாறியிருந்தது. நேற்று ஊற்றும்போது தண்ணீர் போலத் தெளிந்திருந்த ஸ்பிரிட், இன்று பிள்ளைகள் போன பிறகு பாஷ்யம் மியூசியம் அறையைத் திறந்தபோது, ஆறிய கஷாயம் போலக் கறுத்துச் சிவந்து கிடந்தது. உள்ளே தவளைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து வெளுத்த வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தன.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. தவளைகளின் கால்களில் கட்டிய நூலின் சாயம் கரைந்திருந்தது.

கல்லூரியின் விலங்கியல் மியூசியம் பாஷ்யத்தின் பொறுப்பு. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் வருஷக்கணக்காகத் தவளை பிடித்து, வயிற்றைக் கீறி, பதப்படுத்தி வைத்தவர் அவர்தான். ஊர்ப்பெயர் எழுதிய சீட்டை வெள்ளை நூலால் ஒவ்வொன்றின் காலிலும் கட்ட வேண்டும் என்பது முறை. பட்டு ஊரில் இருந்துகொண்டு சீட்டு எதற்கு என்று அவர் தறிக்காரர்களிடம் கழிவு நூல் வாங்கிவந்தார். தென்னேரிக்கு அரக்கு, செவிலிமேட்டுக்குப் பச்சை, ஐயம்பேட்டைக்கு மஞ்சள். பார்த்ததும் ஊர் தெரியும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டார். எங்கள் ஊர்ப் பட்டு சாயம் போகாது என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். முன்பு ஊற்றிவைத்திருந்த ஃபார்மலினில் இத்தனை காலம் போகவில்லைதான். ஸ்பிரிட்டில் ஒரே ராத்திரியில் போய்விட்டது.

ஸ்பிரிட்டுக்கு மாற்றச் சொன்னவள் கலாவதி, சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரி. போன வாரம் இதே மேசையருகே நின்று சொன்னாள்.

"வயலுக்கு மருந்து தெளிக்கிறதுக்கு முன்னாடி பிடிச்ச தென்னேரித் தவளை வேற எங்கயுமே இல்ல சார். இதோட ஈரலையும், இப்ப அங்க செத்து மிதக்கிறதோட ஈரலையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா ஏரியில என்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சிடும். எத்தனை வருஷமானாலும் இது பேசும். எந்த ஊர்னு மட்டும் சரியாத் தெரியணும்."

நாளைக் காலை அவள் எடுத்துப்போக வருகிறாள். மற்ற இரண்டு ஊர்களிலும் தவளை பிடிப்பதற்கு முன்பே மருந்து தெளித்துவிட்டார்கள். அந்தத் தவளை கலந்துவிட்டால் பழையதிலும் விஷம், புதியதிலும் விஷம் என்று வரும். ஏரியில் புதிதாக ஒன்றுமில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள்.

எது எந்த ஊர்த் தவளை என்று தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு வார்த்தையை நினைத்தாலே அவருக்கு மானம் போவது போல இருந்தது.

வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. மெழுகுவர்த்தி ஏற்றி, தவளைகளைத் தட்டில் பரப்பினார். எல்லாக் கால்களிலும் ஒரே வெளுத்த நூல். பெரியதாகப் பார்த்துச் சிலவற்றைப் பொறுக்கினார். மேசை இழுப்பறையில் புது அரக்கு நூல் இருந்தது.

"இன்னா சார், சாயம் போயிடுச்சா?"

திடுக்கிட்டுத் திரும்பினார். அட்டெண்டர் துரைக்கண்ணு. தென்னேரிக்காரன்.

"ஒண்ணுமில்ல. புது நூல் கட்டறேன்."

"நல்லாப் பார்த்துக் கட்டு சார். எங்க ஏரியில மழை பேஞ்சாக்கூடத் தவளைச் சத்தமே இல்ல. அந்தத் தண்ணியத்தான் குடிச்சுக்கினு இருக்கோம். என் பொண்ணுக்குக் கை நடுங்கிக்கினே இருக்குது. அந்தம்மா பார்த்துச் சொல்லிடுவாங்க இல்ல?"

"சொல்லிடுவாங்கப்பா. நீ கிளம்பு."

"மழை விடட்டும் சார். வராண்டாவுல இருக்கறேன்."

கதவைச் சாத்தினார். முதல் தவளையின் காலில் அரக்கு நூலைச் சுற்றி முடிச்சிட்டார். சின்னப் பொய்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அது சின்னது இல்லை என்று அவருக்கே தெரியும். ஸ்பிரிட்டின் நெடியும் பழைய ஃபார்மலினின் காட்டமும் கண்ணைக் கரித்தன. கூரைத் தகரத்தில் மழை இரைந்தது. அலமாரியில் ஜாடிகளின் நிழல்கள் மெழுகுவர்த்தியோடு சேர்ந்து அசைந்தன. இரண்டாவது முடிச்சு. மூன்றாவது.

கர்.

கை நின்றது. வெளியிலிருந்து வந்த சத்தம் இல்லை. தட்டிலிருந்து.

குனிந்து பார்த்தார். மல்லாந்து கிடந்த தவளையின் வயிற்றில் அவரே போட்ட கீறல், மூச்சு விடுவது போல மெல்ல விரிந்து சுருங்கியது. ஈரம் வழிகிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார். நான்காவது தவளையை எடுத்தார். அது குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது.

தட்டில் போட்டுவிட்டார். அப்போதுதான் கவனித்தார். மல்லாந்து கிடந்தவை ஒன்றுகூட இல்லை. எல்லாம் குப்புற. எல்லாம் அவரைப் பார்த்து.

கர். கர்.

கணுக்காலில் எதுவோ இறுகியது.

வேட்டியை விலக்கினார். அரக்கு நூல். அவர் போடும் அதே முடிச்சு. நகத்தால் நெம்பினார். சதைக்குள் இறங்கியது. நூலிலிருந்து சிவப்பு வழிந்தது. தரையில் பரவியது. அது சாயமா, ரத்தமா. நூல் வெளுத்துக்கொண்டே வந்தது.

வயிற்றில் ஜில்லென்றது. சட்டை நடுவில் நனைந்திருந்தது. நேர்கோடாக. தொட்டார். விரல் உள்ளே போயிற்று. வலிக்கவில்லை.

போதும். சொல்லிவிடலாம். எது எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது, துரைக்கண்ணு. தெரியாது. அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தார்.

கர்ர்.

அவர் தொண்டையிலிருந்து வந்தது. தாடைக்கடியில் தோல் புடைத்து உப்பியது. மறுபடி முயன்றார். தெரியாது.

கர்ர். கர்ர்.

வராண்டாவில் துரைக்கண்ணு எழுந்து ஓடிவரும் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே நின்றான். அவன் குரல் சந்தோஷத்தில் உடைந்திருந்தது.

"சார்! கேக்குதா சார்? எங்க ஏரித் தவளை சார் இது! சின்ன வயசுல கேட்ட அதே சத்தம்! என் பொண்ணு பொழைச்சிக்கும் சார்!"

பாஷ்யம் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினார். காலில் நூல் முழுக்க வெளுத்துவிட்டது. தட்டில் இருந்தவை அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. விரல்களுக்கிடையே தொண்டை மறுபடி உப்பியது. கதவுக்கு அப்பால் துரைக்கண்ணு சிரித்துக்கொண்டே இருந்தான்.