அழித்துப் போட்ட கோடு

“யாருங்க இந்தக் கோட்டைப் போட்டது?”

ராசாங்கம் நிமிர்ந்தான். இடுப்பில் பந்தை இடுக்கிக்கொண்டு நின்றாள் அவள். நெற்றியில் ஒட்டிய ஈர முடி... கோபத்தில் இன்னும் பெரிதாகிவிட்ட கண்கள்... கையில் சுண்ணாம்பு வாளியை வைத்துக்கொண்டு பொய் சொல்லவும் வழியில்லை.

“நான்தாங்க. ஏன்?”

“தப்பா இருக்கு. ஃப்ரீ த்ரோ இங்கேருந்து போட்டா பந்து வளையத்தத் தாண்டிப் போவுது. கோடு முன்னால வந்துருக்கு.”

அது 1983 ஐப்பசி. அகில இந்தியக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி அரியலூருக்கே வந்திருந்தது. ஊர் தலைகால் புரியாமல் திரிந்தது. சாயங்காலம் திருச்சிக்கும் பம்பாய்க்கும் இறுதி ஆட்டம். விடிகாலை மழை மைதானத்துக் கோடுகளைக் கழுவிவிட்டுப் போக, அளக்கத் தெரிந்தவன் என்று குவாரியிலிருந்து அழைத்து வந்த ராசாங்கம்தான் அவசரமாக மறுபடி போட்டிருந்தான்.

“நான் குவாரி சர்வேயருங்க. பூமியவே அளக்குறவன்.”

“பூமிய நல்லா அளங்க சார். இதையும் கொஞ்சம் பாத்து அளந்துருக்கலாம்.”

தோழிகள் கொல்லென்று சிரிக்க, அவள் திரும்பிப் பாராமல் போனாள். என்ன திமிர்! ஆனால்... என்ன அழகான திமிர்!

விசாரித்தான். ஜெயலட்சுமி. பெரம்பலூர்ப் பெண். திருச்சி அணியின் கேப்டன். ராசாங்கம் வீம்பு பிடித்துக்கொண்டு மூன்று மணி வரை டேப்பைத் தொடவில்லை. அதற்குமேல் மனசு கேட்கவில்லை. அளந்தான். எல்லைக் கோட்டிலிருந்து அளக்க வேண்டியதை, அதற்குப் பின்னால் நின்ற கம்பத்திலிருந்து அளந்திருக்கிறான். முழுசாக ஒரு முழம் வித்தியாசம்!

“கூட்டம் உக்காந்தாச்சுப்பா. யாருக்குத் தெரியப்போவுது? பேரக் கெடுத்துக்காத” என்றார் குவாரி மேனேஜர் உத்திராபதி.

“அவங்களுக்குத் தெரியும் சார்.”

ஈரச் சாக்கோடு நடு மைதானத்துக்குப் போனான். “என் தப்புதாங்க சார்” என்று நடுவரிடம் சொன்னான். கூட்டம் விசிலடித்தது. காது மடல் சிவக்க, இரண்டு பக்கமும் அழித்து அளந்து புதுக்கோடு போட்டான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

கடைசி நொடிகள். பம்பாய் அணி ஒரு புள்ளி முன்னால். பந்தோடு பாய்ந்த ஜெயலட்சுமியைத் தள்ளிவிட்டார்கள். நடுவர் இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தார். இரண்டும் விழுந்தால் கோப்பை! அவன் அழித்துப் போட்ட கோட்டருகே அவள் வந்து நின்றபோது ராசாங்கத்துக்கு மூச்சே நின்றுவிட்டது. முதல் பந்து... விழுந்தது! இரண்டாவது... வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கியது! அரியலூர் அலறிய அலறலில் ரயிலடி வரைக்கும் ஜனம் திரும்பிப் பார்த்தது.

தூறல் விழத் தொடங்கியது. கோப்பையை அணைத்துக்கொண்டு அவனிடம் வந்தாள்.

“அம்புட்டுப் பேரு முன்னால அழிச்சீங்களே... வெக்கமா இல்ல?”

“இருந்துச்சுங்க. ஆனா என்னால நீங்க தோத்தா... தாங்க மாட்டேன்.”

“ஏனாம்?”

“காலையில நீங்க சண்டைக்கு வந்தப்பவே... உங்கள எனக்குப் புடிச்சுப்போச்சுங்க.”

பம்பாய்க்காரிகளுக்குத் தாழாத கண்கள் சட்டென்று தாழ்ந்தன.

“அதோ, மூணாவது வரிசையில வெள்ளச் சட்ட... எங்கப்பா அய்யம்பெருமாள். நாளைக்கே பெரம்பலூருக்கு பஸ் ஏறி வாங்க. எனக்கும் புடிச்சிருக்குன்னு... நான் முன்னாடியே சொல்லி வெக்கிறேன்.”