சகலன் முந்திவிட்டார்

நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூருக்குள் கிருபன் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது நல்ல மத்தியானம். ஊர் என்றால் ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒரு தானியக் கோபுரம், ஒரு சாப்பாட்டுக் கடை. மிச்சமெல்லாம் சோளம். கடைக்காரி கரோலின் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“உன் அண்ணன் இப்போதுதான் போனார். கடைசித் துண்டு அப்பிள் பையும் அவர் வயிற்றில்தான். நீ மெல்லத்தான் வருவாய் என்றார்.”

கிருபனுக்கு அண்ணன் கிடையாது. சகலன் ஒருவர் இருந்தார். அவரையும் பங்குனி மாதம் ரொறன்ரோவில் எரித்தாயிற்று.

அக்கா சந்திரவதனாவைக் கட்டியவர் இரத்தினவேல். தங்கை துர்க்காவைக் கட்டியவன் கிருபன். இருபத்தாறு வருடமாக இரத்தினவேல் எதிலும் ஒரு சாண் முன்னால்தான். கிருபன் அஜக்ஸில் வரிசை வீடு வாங்கிய மாதம் அவர் யூனியன்வில்லில் தனிவீடு வாங்கினார். கிருபனுக்குச் சீனி வருத்தம் வந்த கிழமை அவருக்கு அதோடு பிறஷரும் சேர்ந்து வந்தது. ஓய்வு எடுத்ததும் அமெரிக்கச் சமவெளியைச் சைக்கிளில் கடக்கப்போவதாகச் சொல்லி, ஒற்றை விரலால் தூக்கக்கூடிய சைக்கிளும் வாங்கி வைத்தார். மாரடைப்பிலும் அவரே முந்தினார்.

மலர்ச்சாலையில் பெட்டிக்குள் கிடந்தவரின் காதருகே கிருபன் குனிந்தான். அழுகிறான் என்று சனம் உச்சுக்கொட்டியது. அவன் சொன்னதோ வேறு.

“அண்ணை, உங்கட சைக்கிளில நான் போறன். இனி முந்துங்கோ பாப்பம்.”

செத்தவீட்டில் ‘போயிட்டு வாறன்’ என்றுகூடச் சொல்லாமல் எழும்பி வருகிற சனம் எங்கள் சனம். இவன் பந்தயத்துக்கே அழைத்துவிட்டான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் சந்திரவதனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை அவனிடம் கொடுத்தாள்.

கரோலின் சொன்னதைக் கேட்டு வேறொருவன் என்றால் அங்கேயே பஸ் ஏறியிருப்பான். கிருபனுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அடுத்த ஊர் மோட்டலில், யன்னல் உள்ள ஒரே அறையை அவனைப் போன்ற ஒருவர் எடுத்துவிட்டு அப்போதுதான் போயிருந்தார். அதையே கேட்டு வாங்கினான். படுக்கை கலையவில்லை. ஆனால் தலையணை ஈரமாக இருந்தது. அறை முழுக்க இரத்தினவேல் பூசுகிற கோடாலித் தைல மணம்.

துர்க்காவுக்குத் தொலைபேசி எடுத்தான்.

“உன்ர அத்தான் எனக்கு முன்னால போய்க்கொண்டிருக்கிறார்.”

“வெயில் அடிச்சிட்டுது. தண்ணி குடிச்சனீங்களோ?”

“அவரைச் சொன்னா உனக்குப் பிடிக்காதே!”

“ஐயோ, செத்த மனிசனோடயுமோ எரிச்சல் உங்களுக்கு?”

மூன்றாம் நாள் காலை காற்று நின்றுவிட்டது. அந்தச் சமவெளியில் காற்று ஓய்வதே இல்லை. இப்போது ஒரு சோளத் தாள்கூட அசையவில்லை. குருவிச் சத்தமும் இல்லை. கயிறு கட்டி இழுத்ததுபோல் நேராகக் கிடந்த வீதியில், தூரத்தில் ஒரு முதுகு தெரிந்தது.

அந்த வெக்கையிலும் கறுத்தக் கோட்டு. பெட்டிக்குள் போட்டுவிட்ட அதே கோட்டு.

கிருபன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான்.

நூறு அடி.

ஐம்பது.

அவருடைய கால்கள் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தன. குனிந்த முதுகு, நீட்டிய கைகள், எல்லாம் சரி.

கீழே சைக்கிள்தான் இல்லை.

இருக்கவும் முடியாதே, அதில் கிருபன் அல்லவா இருந்தான்.

பக்கத்தில் போனதும் அவர் திரும்பினார். கிருபனின் நெஞ்சு ஏறி இறங்குவதை, பந்தியில் இடம் கிடைக்காதவன் அடுத்தவன் இலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கண்களில் பொறாமை.

“நல்ல மூச்சடா, தம்பி,” என்று கிசுகிசுத்தார்.

கிருபனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“முந்தீட்டன் அண்ணை!”

கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வீதி வெறுமையாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு எந்த ஊரிலும் அவனுக்கு முன்னால் யாரும் வந்திருக்கவில்லை. பயணத்தை முடித்தான். நெஞ்சை நிமிர்த்திப் படம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். விமானம் ஏறி, ஞாயிறு பின்னேரம் அஜக்ஸ் வீட்டு வாசலில் வந்து நின்று மணியை அடித்தான்.

துர்க்கா கதவைத் திறந்தாள். கையில் அகப்பை. அவனைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி மாடிப்படியைப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ... ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமே வந்திட்டீங்களே. ரெண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டீங்கள். அப்ப... மேல குளிக்கிறது ஆர்?”

மேலே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

யாரோ ஆசை தீர மூச்சை இழுத்து விட்டார்கள். பிறகு கிருபனின் குரலிலேயே ஒரு கேள்வி இறங்கி வந்தது.

“துர்க்கா, வாசல்ல ஆரப்பா?”

‘நான்தான்’ என்று சொல்லக் கிருபன் வாயைத் திறந்தான்.

சொல்லுவதற்கு மூச்சு வரவில்லை.