மார்புத் துணிக்குள்

நெஞ்சோடு கட்டியிருந்த பிள்ளை சில்லென்று இருந்தது.

அப்படி இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் சூடாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து நேராக அவளிடம் வரும் பிள்ளை, வெயிலில் காய்ந்த துணிபோலக் கதகதப்பாகத்தான் இருப்பான்.

பால் எடுக்கும் அறையில் அவள் மட்டும்தான். வெளியே மழை கொட்டியதில் பட்டப்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது; ஈரக்காற்றில் திரைச்சீலை உப்பி உப்பித் தணிய, மருந்து வாடைக்கு நடுவே அவளுடைய பாலின் இளம் புளிப்பு மட்டும் பழகிய மணமாக மூக்கில் ஏறியது. தாய்மார்கள் 'பால் அக்கா' என்று கூப்பிடும் நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி, பால் இறங்குவதற்காகக் கண்ணை மூடிப் பிள்ளையை நினைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் இரண்டு கைகள் பிள்ளையை அவள் நெஞ்சில் கிடத்தி, துணியை இறுக்கிக் கட்டிவிட்டுப் போயின. அக்காவின் கைகள் என்றே நினைத்தாள்.

ஏழாம் மாதத்தில் பிறந்தவன், சப்பத் தெரியாது. அவள் பிழிந்து கொடுக்கும் பால், மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் வயிற்றுக்குப் போகும். அதுவும் நேற்றிலிருந்து வற்றிக்கொண்டே வந்தது. பால் நின்றால் பிள்ளையும் தங்கமாட்டான் என்ற பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"கட்டின துணியை நடுவுல திறந்து பாக்காதம்மா, பிள்ளைக்குச் சூடு போயிடும். உன் மாமியாரே வந்து கேட்டாலும் காட்டாத" என்று முதல் நாளே அக்கா சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். அதனால் அவள் திறக்கவில்லை.

அது சப்பத் தொடங்கியது.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "என் ராசா, கத்துக்கிட்டியாடா?" என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

இழுப்பு பலமாக இருந்தது. மழைச் சத்தத்தையும் மீறி, மிடறு மிடறாக விழுங்கும் ஓசை இடைவிடாமல் கேட்டது. மூச்சு வாங்கக்கூட அது நிற்கவில்லை. குனிந்து காது கொடுத்தாள். மூச்சுச் சத்தமே இல்லை.

துணிக்குள் விரலை விட்டாள். தலை. காது. கன்னம்.

குழாயைக் காணோம். அதை ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியும் இல்லை. கன்னம் ஈரமாக வழுக்கியது.

கதவு திறந்தது. பால் அக்கா. கையில் துணி சுற்றிய பிள்ளை. அவள் பிள்ளை. மூக்கில் குழாய்.

"லேட்டாயிடுச்சு, கோச்சுக்காத. காலையில நீ எடுத்த பாலை இப்பதான் இவனுக்குக் குடுத்து முடிச்சேன்."

"நீங்க... இப்ப வந்து கட்டிவிடலையா?"

"நானா? எதைக் கட்டினேன்? ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு?"

கிட்ட வராதீங்க. அவனைத் தூக்கிட்டு ஓடுங்க. சொல்லத்தான் நினைத்தாள். அக்கா அதற்குள் பிள்ளையோடு அவள் மேல் குனிந்துவிட்டாள்.

மார்பில் பால் தீர்ந்தது. சப்பல் நின்றது.

துணியின் விளிம்பில் ஒரு கை வெளியே வந்தது. நகம் முளைக்காத கை. பிள்ளையின் மூக்கிலிருந்து வெளியே தொங்கிய குழாய் நுனியைத் தடவிப் பிடித்தது. மூடியைத் திறந்தது. துணிக்குள் இழுத்துக்கொண்டது.

பிள்ளை ஒருமுறை துடித்தான்.

அவன் வயிற்றிலிருந்து, கண்ணாடி போன்ற அந்தக் குழாயில், பால் வெள்ளையாக மேலேறியது. அதன் பின்னாலேயே சிவப்பாக ஏறியது.

சப்பும் சத்தம் நிற்கவில்லை.