பச்சை என்று சொன்ன வாய்

கல்பாத்தியில் வெங்கிடாசலம் சார் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. ஜனவரி மாதம். கணவாய்க் காற்று வாசலில் கிடந்த செருப்புகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்பு அவர் ரயில் எஞ்சின் ஓட்டும் லோகோ பைலட். நான் அவருடைய அசிஸ்டெண்ட். அவர் ஓய்வு பெற்றார், நான் வேலையை விட்டு ஓடினேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை. இரண்டு பேருக்குமே அதில் வருத்தம் இருக்கவில்லை.

போன வாரம் அவரே கூப்பிட்டார். ஓர் எஞ்சின் வந்திருக்கிறது, வந்து பார் என்றார்.

என் பிழைப்பு இப்போது மாதிரி ரயில் எஞ்சின்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போது எல்லா எஞ்சினும் ஒரே பளபளப்பில், பிளாஸ்டிக் வாடையோடு இருக்கும். அச்சில் வார்த்த தடித்த கைப்பிடிகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியில் புதிதாக வளைத்து வைப்பேன். வைப்பர், பிரேக் குழாய், நம்பர் எல்லாம் போடுவேன். பிறகு அழுக்கு. தண்டவாளத் துரு, எண்ணெய்க் கசிவு, மழைக் கோடு. உள்ளே ஒரு சிப், சர்க்கரைக் கட்டி அளவில் ஒரு ஸ்பீக்கர். அப்போதுதான் அது ஓடும், கத்தும், விளக்கெரியும். கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டில் ஒரு மேஜை வைத்து இதைச் செய்கிறேன். பகலில் மட்டும். இரவில் கண் விழிக்கிற எந்த வேலையும் இனி இல்லை.

கதவைத் திறந்தது அவருடைய மகள் கிருஷ்ணப்ரியா.

“வாங்கோ. அப்பா மேல இருக்கா. அந்தப் பொம்மை வந்ததுலேர்ந்து சரியா சாப்பிடறதில்லை, தூங்கறதில்லை.”

“பொம்மை இல்லீங்க, மாடல்.”

“அது சரி. ஒங்களுக்கும் அதே தீனம், அதே வியாதியாக்கும்,” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

மாடி அறை முழுக்க ஒரே மேஜை. அதன் மேல் இரட்டைத் தண்டவாளம், பிளாஸ்டரில் மலை, காடு, ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் பாறையை வெட்டிப் போட்ட குறுகலான பாதை. வளைவுக்கு முன்னால் குண்டூசி உயரத்தில் ஒரு மஞ்சள் பலகை, அதில் கறுப்பில் ஒரு டபிள்யூ. விசில் போர்டு. அதைக் கண்டால் ஹார்ன் அடிக்க வேண்டும்.

வாளையார் காட்டில் அந்த இடம் எனக்குத் தெரியும். மனிதர் ஒரு செடியைக்கூட மாற்றி வைத்திருக்கவில்லை.

ஆட்களைத்தான் வைக்கவில்லை. பிளாட்பாரம், கேட், தண்டவாள ஓரம், எங்கும் ஒரு மனிதப் பொம்மை இல்லை.

“வாடா சிவா.” ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். கையில் கண்ட்ரோலர். “இந்த எஞ்சினை அந்த எஞ்சினா ஆக்கணும்.”

எந்த எஞ்சின் என்று நான் கேட்கவில்லை.

“நம்பர் ஞாபகம் இருக்கோல்லியோ?”

“இருக்குதுங்க சார்.”

“மத்ததெல்லாம் ஒன் இஷ்டம். ஹார்ன் மட்டும் நன்னா கேக்கணும். அந்த போர்டு தாண்டறச்சே கேக்கணும். அதாக்கும் முக்கியம்.”

“கோயம்புத்தூர்ல இதுக்கு ஆளுங்க இருக்கறாங்களே.”

“மூணு பேர் வந்து பார்த்துட்டுப் போயாச்சு. ஆகலை.” குரலைத் தாழ்த்தினார். “எஞ்சின் இந்த ரூமை விட்டு வெளியில போகப்படாது. நீதான் வரணும்.”

ஒப்புக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒருவேளை எனக்கும் அந்த ஹார்னைக் கேட்க வேண்டியிருந்தது.

எஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பச்சை. பச்சை. இருவரும் விழித்திருக்கிறோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஆனால் மூன்று வருஷம் தொடர்ந்து இரவு வண்டி ஓட்டினால் ஒன்று நடக்கும். கண் தூங்கிவிடும், வாய் தூங்காது. அவர் தூக்கத்தில் பச்சை என்பார். நான் தூக்கத்தில் பச்சை என்பேன். எஞ்சினில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். வெளியே சொல்ல மாட்டார்கள்.

அன்று காலை ஆறு மணி. பனி. காலி கூட்ஸ், இறக்கத்தில் சத்தமில்லாமல் உருண்டுகொண்டிருந்தது. விசில் போர்டைப் பார்த்ததும் நான் அதன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் ஹார்னை அழுத்தியிருக்க வேண்டும். என் பக்கத்திலும் ஒரு ஹார்ன் பித்தான் உண்டு. முட்டியது தெரிந்துதான் இருவரும் கண் திறந்தோம்.

செத்தவர் பெயர் அழகுமலை. கீமேன். தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்து வைக்கும் சாவிகள் கழன்றிருக்கிறதா என்று பார்த்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டே நடப்பது அவர் வேலை. மூணாறு எஸ்டேட்டிலிருந்து வந்தவர். காற்றுக்குப் பயந்து காதை மறைத்துத் துண்டு கட்டியிருந்தார்.

விசாரணையில் நாங்கள் இருவரும் எழுதிக் கொடுத்தோம்: விசில் போர்டிலிருந்து விடாமல் ஹார்ன் அடித்தோம், ஆள் நகரவில்லை. ஹார்ன் கேட்டும் நகராதவன் தானாகச் சாக வந்தவன். அப்படித்தான் முடிந்தது.

பதினாறாம் நாள் அவர் மனைவி அழகுத்தாய் மூணாற்றிலிருந்து பஸ் ஏறி வந்தாள். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஹார்ன் அடிச்சீகளா தம்பி?”

“அடிச்சமுங்க அக்கா.”

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பிறகு கேள்விப்பட்டேன். எஸ்டேட் குடியிருப்பான லயத்தில் யாரும் அவளோடு பேசுவதில்லை. வீட்டில் என்ன செய்தாளோ, அதுதான் அவன் போய் ரயிலுக்கு முன்னால் நின்றான் என்கிறார்கள். புருஷனின் அண்ணன் அவளைத் திதிக்குக்கூட உள்ளே விடவில்லை.

வேலையைத் தொடங்கினேன். தினமும் மதியம் போவேன், வெளிச்சம் இருக்கும்வரை செய்வேன். நான்கு நாளில் கைப்பிடிகளும் நம்பரும் முடிந்தன. ஐந்தாம் நாள் எஞ்சினின் முன்னால் தாழ்வாக வரும் கேட்டில் கார்ட் என்ற தடுப்பைக் கம்பி கம்பியாக வைத்துச் சாலிடர் செய்தேன். தண்டவாளத்தில் கிடக்கும் மாட்டை ஒதுக்கித் தள்ளுவதற்கான தடுப்பு அது. வெங்கிடாசலம் சார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வந்து பார்த்தேன். இடமிருந்து மூன்றாவது கம்பி உள்பக்கமாக வளைந்திருந்தது.

“தொட்டீங்களா சார்?”

“நானா? நீ போனதுமே நான் கீழ இறங்கிப் போயாச்சு. ரூமைப் பூட்டிண்டு.”

நிமிர்த்தி வைத்தேன். அடுத்த நாள் மறுபடி வளைந்திருந்தது. அதே கம்பி, அதே அளவு.

நிஜ எஞ்சினிலும் வளைந்தது அந்தக் கம்பிதான்.

அதன் பிறகு நான் அதை நிமிர்த்தவில்லை.

எட்டாம் நாள் சிப்பும் ஸ்பீக்கரும் வைத்தேன். ஹார்ன் அறையே அதிரும்படி கேட்டது. கீழேயிருந்து கிருஷ்ணப்ரியா, “மெதுவாப்பா, தெருவே முழிச்சுண்டாச்சு,” என்று கத்தினாள். வெங்கிடாசலம் சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் தடவையாக முகம் தெளிந்தது.

பிறகு ஓட்டிப் பார்த்தோம். ஸ்டேஷனில் ஹார்ன் கேட்டது. பாலத்தில் கேட்டது. மஞ்சள் பலகையைத் தாண்டியதும் நின்றுபோனது. விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுகிறது, ஹார்ன் மட்டும் இல்லை. பாறை வெட்டைத் தாண்டியதும் மறுபடி கேட்டது.

வயர் என்று நினைத்தேன். மாற்றினேன். சிப்பை மாற்றினேன். அந்த இடத்துத் தண்டவாளத்தையே பெயர்த்துப் புதிதாகப் போட்டேன். பலகையிலிருந்து பாறை வெட்டு வரை, மேஜையில் மூன்று முழத்துக்கு, அந்த எஞ்சின் ஊமை.

பத்தாம் நாள் அந்த ஊமை இடத்தில் வேறு ஒன்று கேட்டது.

டங்.

ஸ்பீக்கரிலிருந்துதான். மெல்லியதாக.

டங். டங்.

இரும்பில் இரும்பு அடிக்கும் சத்தம். இடையில் ஜல்லிக் கல்லை மிதித்து நடக்கும் சத்தம். சிப்பில் நான் ஏற்றிய சத்தங்கள் மொத்தம் பதினான்கு. அதில் இது இல்லை.

ஜன்னல் சாத்தியிருந்தது. அறையில் ஈரக் கருங்கல் வாசனை வந்தது. பிரேக் கட்டை தீய்ந்த நாற்றம். அதற்கு அடியில் பீடிப் புகை. வெளியே நல்ல வெயில். எதிர் வீட்டில் யாரோ மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மத்த மூணு பேரும் அவாவா ஸ்பீக்கரை வச்சு இதைக் கேட்டுட்டு, கழட்டிண்டு போனா,” என்றார் வெங்கிடாசலம் சார். ஏதோ ரகசியம் பேசுவதுபோல் என் பக்கம் சாய்ந்தார். “அவாளால ஆகாது. நீ கூப்பிடணும். நீ கூப்பிட்டாத்தான் நான் அடிக்கலாம். முறை அதாக்கும்.”

“சார்...”

“அன்னிக்கு நீ கூப்பிடலை. அதனால நான் அடிக்கலை.”

“நீங்க தூங்கிட்டு இருந்தீங்க.”

“நீயும்தாண்டா.”

நான்கு வருஷத்தில் முதல் தடவையாக இதைச் சொல்லிக்கொண்டோம்.

எஞ்சினை மறுபடி கிளப்பினார். அது ஸ்டேஷனைத் தாண்டியது. சிக்னல் விளக்கைப் பார்த்து அவர் “பச்சை” என்றார். நான் பார்த்தேன். நிஜமாகவே பார்த்துவிட்டு, “பச்சை” என்றேன். வளைவு வந்தது. மஞ்சள் பலகை வந்தது.

“விசில் போர்டு,” என்று கூப்பிட்டேன்.

அவர் பித்தானை அழுத்தினார். விரல் நகம் வெளுக்கும்வரை அழுத்தினார்.

ஹார்ன் இல்லை.

சுத்தியல் சத்தமும் நின்றது.

பாறை வெட்டுக்குள் எஞ்சின் எதிலோ முட்டியதுபோல் குலுங்கி நின்றது. தண்டவாளத்தில் ஒன்றும் இல்லை. பிறகு ஸ்பீக்கர் கரகரத்தது. ஒரு ஆள் பேசினான். தெளிவாக, பணிவாக.

“அடிச்சமுங்க அக்கா.”

என் குரல்.

வெங்கிடாசலம் சார் என் வாயைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்கவில்லை.

நான்தான் முதலில் பேசினேன். “எழுதிக் குடுத்தரலாமுங்க சார். ஹார்ன் அடிக்கலைன்னு.”

“என்ன எழுதறது? முப்பத்தாறு வருஷ சர்வீஸ். வெங்கிடாசலம் தூங்கிண்டே வண்டியோட்டி ஆளைக் கொன்னான்னு தெருவுல பேசறதுக்கா? நாளைக்கு என் பொண்ணு எப்படித் தலை நிமிர்ந்து நடப்பள்?”

“அந்த அக்கா நாலு வருஷமா நிமிரலீங்க.”

“நீயும்தானே கையெழுத்துப் போட்டே. ஒன்னை நான் நிர்ப்பந்திச்சேனா?”

நிர்ப்பந்திக்கவில்லை. அது உண்மை. என் பெட்டியைக்கூட எடுக்காமல் கீழே இறங்கினேன். படியில் இறங்கும்போது மேலே மறுபடி எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை அழகுத்தாய்க்குப் போன் செய்தேன். நம்பர் பழைய டைரியில் இருந்தது. பின்னால் தேயிலைத் தொழிற்சாலை இரைச்சல்.

“யாருங்க?”

“கூட்ஸ் வண்டியில அசிஸ்டெண்ட்டா இருந்தனுங்க, சிவப்பிரகாஷ். நீங்க வந்து ஒண்ணு கேட்டீங்க.”

டைரியை மூடி வைத்தேன்.

“ஹார்ன் அடிக்கலீங்க அக்கா. ரெண்டு பேரும் தூங்கிட்டோம். அவரு சாக வரலை. வேலைதான் பாத்துட்டு இருந்தாரு.”

அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“இதை எழுதிக் குடுப்பீகளா?” என்றாள்.

“குடுக்கறனுங்க.”

“லயத்துல எல்லாரு முன்னாடியும் வாசிக்கிற மாதிரி எழுதுங்க. எங்க வீட்டுக்காரரு அண்ணன் பேரு போட்டு எழுதுங்க.” அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள். “பெறகு இந்த நம்பருக்குக் கூப்புடாதீக தம்பி. ஒங்க கொரல என்னால கேக்க முடியல.”

எழுதினேன். ஒரு பக்கம்தான் வந்தது. கையெழுத்துப் போட்டு அவளுக்கு ஒன்று, விசாரித்தவர்களுக்கு ஒன்று, பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவள் கையெழுத்தோடு ரசீது அட்டை திரும்பி வந்தது. அதை மேஜை மேல் சாய்த்து வைத்தேன். பெரிய நிம்மதி ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்று பகலில் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்தேன். நாலு வருஷத்துக்குப் பிறகு கனவில்லாத தூக்கம்.

போன் அடித்து எழுந்தேன். மூன்றரை மணி. கிருஷ்ணப்ரியா.

“ஏன் சொல்லாம மேல போயிட்டேள்? கதவை உள்ளேர்ந்து தாழ் போட்டுண்டு ரெண்டு பேரும் என்ன பண்றேள்? அப்பா காலம்பரலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. கதவைத் திறங்கோ.”

“நான் கொழிஞ்சாம்பாறையில, என்ற ஊட்ல இருக்கறனுங்க.”

“வெளையாடாதீங்கோ.” அவள் சிரிக்கப் பார்த்தாள். “நான் கதவு வாசல்லதான் நிக்கறேன். அப்பா ஏதோ சொல்றா, நீங்க பதில் சொல்றேள். ஒங்க குரல் எனக்குத் தெரியாதா?”

“போனைக் கதவுகிட்டப் புடிங்க.”

பிடித்தாள்.

சின்ன மோட்டாரின் முனகல். தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டும் சத்தம். பிறகு வெங்கிடாசலம் சார், களைத்துப் போய், தூக்கத்தில் பேசுபவர் மாதிரி:

“பச்சை.”

நான் இடது கையால் என் வாயை இறுகப் பொத்திக்கொண்டேன்.

“பச்சை,” என்றது என் குரல்.

டங்.